சோதனைக் குழாய் முதலாளியின் கேடயமா?

(வெள்ளவத்தையில் உத்தியோகத்தர்களும் தொழிலாளரும் வடக்கிலிருந்து வந்திருந்த கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் கூடியிருக்கும் இந்த வெள்ளவத்தைக்குத் தொழிலாளர் சரித்திரத்தில் ஓர் இடமுண்டு. 1933ஆம் ஆண்டில் இங்கிருந்த நூற்பு நெசவாலையின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்க வந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா என்ற இளம் சட்டத்தரணி. அந்த ஆலை இன்று இல்லை. தறிகள் ஓடிய நிலத்தில் வானளாவும் மாடிமனைகள் எழுந்துள்ளன. அந்த மாடிகளைக் கட்டச் சாரத்தில் ஏறியவனும், அவற்றுக்குச் சீமெந்து ஏற்றிவந்த லொறிச் சாரதியும், துறைமுகத்தில் பாரந்தூக்கியை இயக்குபவனும் இன்று ஒரு புதிய கேள்வியை எதிர்நோக்குகின்றனர். "ஊதிக் காட்டு, சிறுநீர் கொடு, இல்லையேல் வெளியே போ" என்று முதலாளி சொன்னால், அவன் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. சாராயமும் கசிப்பும் போதாவென்று "ஐஸ்" என்னும் நஞ்சும் நம் தெருக்களில் புகுந்துவிட்டது. அதன் கொடுமையை உணர்ந்தே 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் போதைப்பொருட் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஆகவே வேலைத்தலத்தில் பரிசோதனை வேண்டுமென்று கேட்பவர் எல்லோரும் தொழிலாளர் விரோதிகள் என்று நாம் கூறவரவில்லை. நாம் கேட்பது வேறு. அந்தப் பரிசோதனை உயிரைக் காப்பதற்கா, முதலாளியின் பணப்பையைக் காப்பதற்கா? இதுவே இன்றைய பேச்சின் சாரம்.

கொட்டாஞ்சேனைப் பலகை

நம்மிடம் வந்த வழக்கொன்றைச் சொல்கிறோம். நிறுவனத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு பண்டகசாலை. இரவு பத்து மணிக்கு மேல் லொறியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், சாய்வாக வைத்திருந்த பலகை முறிந்து விழுந்தார். தொடை எலும்பு உடைந்தது. தூக்கிய மேற்பார்வையாளர் சாராய வாடை வீசுகிறது என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒரு தாளை நீட்டி ஒப்பம் வாங்கினார்கள். அந்தத் தாள் எழுதப்பட்டிருந்த மொழி அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழி. "வேலை நேரத்தில் மது அருந்தியிருந்தேன், விபத்துக்கு நானே பொறுப்பு" என்பது அதன் பொருள் என்று பின்னர்தான் தெரிந்தது. நட்டஈடு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அவர் குடித்திருந்தாரா? ஆம், குடித்திருந்தார். நம்மிடம் அவர் அதை மறைக்கவில்லை. மாலை வேலை முடிந்ததென்று எண்ணி ஒரு மிடறு அருந்தியபின், இரவு லொறி வந்ததென்று மீண்டும் அழைக்கப்பட்டவர் அவர். ஆனால் முறிந்தது பலகையல்லவா? அது உளுத்த பலகையென்று உடன் வேலை செய்த இருவர் அறிவர். மறுநாள் அந்தப் பலகையைக் காணவில்லை. இருவரில் ஒருவர் வேலை போய்விடுமென்று வாய் திறக்கவில்லை. மற்றவர் துணிந்து சொன்னார். அந்த ஒருவரின் சாட்சியத்தைக் கொண்டு நாம் ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொடுத்தோம். முழுத்தொகை கிடைக்கவில்லை. அந்த மனிதர் இன்றும் கோலூன்றியே நடக்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

சட்டம் சொல்வது

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இலங்கைத் தொழிலாளனுக்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு. அது நிறைவேறிய காலத்தில் தொழில் மந்திரியாக இருந்தவர் பெரி. சுந்தரம் என்ற தமிழர். அவரும் சட்டம் கற்றவர். அச்சட்டத்தின் அடிப்படை மிக எளிது. வேலையினால், வேலையின்போது விபத்து நேர்ந்து தொழிலாளி காயமுற்றால் முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும். முதலாளி கவலையீனமாக இருந்தார் என்று தொழிலாளி நிரூபிக்கவேண்டியதில்லை.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றுள் ஒன்று மதுவும் போதையும் பற்றியது. அந்த விலக்கின் சொற்களைக் கூர்ந்து நோக்கவேண்டும். விபத்து நேர்ந்த அந்த நேரத்தில் தொழிலாளி மதுவின் அல்லது போதைமருந்தின் ஆதிக்கத்தில் இருந்திருக்கவேண்டும். அதோடு அந்த ஆதிக்கமே விபத்துக்கு நேரடிக் காரணமாக இருந்திருக்கவேண்டும். நிபந்தனை ஒன்றல்ல, இரண்டு. குடித்திருந்தான் என்று காட்டிவிட்டால் மட்டும் போதாது. குடித்ததனால்தான் விழுந்தான் என்றும் காட்டவேண்டும். உளுத்த பலகை, குடிக்காதவன் ஏறினாலும் முறிந்திருக்கும். காப்பில்லாத சில்லு, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தவன் கையையும் நசுக்கும். பரிசோதனைத் தாள் முதல் நிபந்தனைக்குச் சான்றாகலாம். இரண்டாவதை அது தொடுவதேயில்லை.

அயல்நாடான இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. தொழிலாளி இறந்துபோனாலும், 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் நிரந்தரமாக முற்றாக ஊனமுற்றாலும், குடித்திருந்தான் என்ற சாட்டு அச்சட்டத்தின்படி முதலாளிக்கு உதவவில்லை. இறந்தவன் குடித்திருந்தாலும் அவன் பிள்ளைகள் குடிக்கவில்லை என்பதை அந்தச் சட்டம் உணர்ந்திருந்தது.

வாடையைப் பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. 1971ஆம் ஆண்டில் இந்திய உச்சநீதிமன்றம், மோட்டார் விபத்து வழக்கொன்றில், வாயில் மது வாடை வீசியதும் நடை தள்ளாடியதும் மட்டும் ஒருவர் வெறியில் இருந்தார் என்பதை நிரூபிக்கப் போதா என்று கருதியது. இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படாததே அங்கிருந்த குறை. ஆகவே ஒழுங்கான பரிசோதனை சில வேளைகளில் தொழிலாளனையே காப்பாற்றும் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. மேற்பார்வையாளரின் மூக்கைவிட நல்ல கருவி நம்பத்தக்கது.

கமக்காரரே, நீங்களும் முதலாளிகள்

வடக்கிலிருந்து வந்திருக்கும் கமக்காரப் பெரியோர்கள், இது கொழும்பு நிறுவனங்களின் சங்கதி, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. உழவு இயந்திரத்துக்குச் சம்பளச் சாரதி வைத்திருப்பவரும், வெங்காயத்தை ஏற்றிப் பேலியகொடைச் சந்தைக்குச் சொந்த லொறி அனுப்புபவரும் சட்டத்தின் கண்ணில் முதலாளிகளே. பணியாள் பணியின்போது பிறருக்கு இழைத்த தீங்குக்கு எசமானே பொறுப்பு என்பது பழைய விதி.

1945ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பெல்ட்மன் எதிர் மால் என்ற வழக்கை இங்கு சொல்லவேண்டும். அந்த நாட்டைப் போல நம் நாட்டிலும் உரோம-டச்சுச் சட்டமே பொதுச்சட்டமாகையால், அத்தீர்ப்புக்கு இங்கும் மதிப்புண்டு. வியாபாரி ஒருவர் பொதிகளைக் கொடுத்துவரும்படி தம் வண்டியைச் சாரதியிடம் ஒப்படைத்தார். சாரதி பொதிகளைக் கொடுத்தார். பிறகு தம் சொந்த அலுவலாகச் சென்று நண்பர்களுடன் குடித்தார். வெறியோடு திரும்பும் வழியில் ஒருவரை மோதிக் கொன்றார். "நான் குடிக்கச் சொல்லவில்லையே, அந்தப் பக்கம் போகவும் சொல்லவில்லையே" என்றார் வியாபாரி. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வண்டியைத் தம் இலாபத்துக்காக ஒருவர் கையில் ஒப்படைத்தவர், அதனால் பிறருக்கு நேரும் ஆபத்தையும் ஏற்கவேண்டும் என்பதே தீர்ப்பின் உட்கருத்து. இறந்தவரின் குடும்பத்துக்கு எசமானே நட்டஈடு கொடுக்கவேண்டியதாயிற்று.

அறுவடை முடிந்த அன்று கூலியோடு கள்ளும் வாங்கிக் கொடுத்து, அதே ஆளை உழவு இயந்திரத்தில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கேட்கட்டும். உங்கள் அன்பு உங்கள் காணியையே விழுங்கிவிடக்கூடும்.

பரிசோதனை எதைக் காட்டும்?

பரிசோதனை என்றால் எல்லாம் ஒன்றென்று பலர் எண்ணுகின்றனர். மதுவுக்கு ஊதிக் காட்டும் சோதனை, அந்த நேரத்தில் உடம்பில் எவ்வளவு மது இருக்கிறது என்று ஏறக்குறையச் சொல்லும். மது சில மணி நேரத்தில் உடம்பைவிட்டு நீங்கிவிடும். சிறுநீர்ச் சோதனை அப்படிப்பட்டதன்று. கஞ்சாவின் எச்சம் சிறுநீரில் பல நாட்களுக்கும், நாட்பட்ட பழக்கமுள்ளவரிடம் வாரக்கணக்கிலும் தங்கும். ஆகையால் செவ்வாய்க்கிழமை எடுத்த சிறுநீர், ஒருவர் முன்னொரு நாள் பாவித்தார் என்று சொல்லலாம். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மயக்கத்தில் இயந்திரத்தை இயக்கினார் என்று சொல்லாது. சட்டம் கேட்பதோ "அந்த நேரத்தில்" என்ற கேள்வி.

மருந்துகளும் குழப்பும். கொடீன் கலந்த நோ மாத்திரையும் இருமல் மருந்தும் அபின் வகைச் சோதனையில் அகப்படும். நம் ஆயுர்வேத அரிஷ்டங்களில் இயல்பாகவே மது ஊறியிருக்கும். சாப்பாட்டுக்குப் பின் அரிஷ்டம் குடித்துவிட்டு உடனே ஊதினால் கருவி சத்தமிடும். வாயில் தங்கிய அந்த மது கால் மணி நேரத்தில் அநேகமாக மறைந்துவிடும். பொறுத்திருந்து இரண்டாம் முறை ஊதச் செய்யவேண்டும் என்பது அதனாலேதான். அட்டையில் கோடு தெரியும் விரைவுச் சோதனை வெறும் சந்தேகத்துக்குத்தான் இடம் கொடுக்கும். ஆய்வுகூடத்தில் நுண்கருவியால் உறுதிசெய்த பின்னரே அது சான்றாகும். அட்டையை மட்டும் பார்த்து ஒருவரின் சோற்றில் மண்போடுவது அநியாயம்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம், தெருவில் சாரதியைச் சோதிக்கும் அதிகாரத்தைப் பொலிஸாருக்குத்தான் கொடுத்திருக்கிறது. கம்பனி முகாமையாளருக்குக் கொடுக்கவில்லை. ஒருவர் சம்மதமின்றி அவர் உடம்பில் ஊசி ஏற்றுவது பொதுச்சட்டப்படி வழக்குக்கு இடமான தீங்கு. முதலாளி சோதனையை வேலை ஒப்பந்தத்தில் நிபந்தனையாகச் சேர்க்கலாம். ஆனால் வாசிக்கத் தெரியாத மொழியில் நீட்டிய தாளில் வாங்கிய ஒப்பத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? தமிழனுக்குத் தமிழிலும் சிங்களவனுக்குச் சிங்களத்திலும் எழுதி, வாசித்து விளக்கிய பின் வாங்கியதே சம்மதம்.

பிறநாட்டுப் படிப்பினை

1987 ஜனவரி 4ஆம் தேதி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்ற இடத்தில் பயணிகள் ரயிலொன்று, சிவப்பு விளக்கைக் கடந்துவந்த சரக்கு இஞ்சின்களின்மீது மோதி 16 பேர் மாண்டனர். சரக்கு இஞ்சினை ஓட்டியவர்கள் கஞ்சா பாவித்திருந்தனர். இந்த விபத்து, போக்குவரத்துத் தொழிலாளருக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிய 1991ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று. ஆனால் விசாரணையில் வேறு சங்கதிகளும் வெளிவந்தன. எச்சரிக்கை ஒலிக்கருவி நாடா ஒட்டி அமுக்கப்பட்டிருந்தது. சமிக்ஞை காட்டும் சிறு விளக்கொன்று இல்லை. சிவப்பைக் கடந்தால் இஞ்சினைத் தானாக நிறுத்தும் கருவி பொருத்தப்படவேயில்லை. பின்னர் அந்தப் பாதையில் ஓடும் இஞ்சின்களுக்கு அக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டியவர்களின் குற்றத்தோடு விசாரணை நின்றிருந்தால் அந்தக் கருவி வந்திராது.

கனடாவின் உயர் நீதிமன்றம் 2013இல் மற்றொரு பக்கத்தைக் காட்டியது. நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தின் கடதாசிக்கூழ் ஆலையொன்று, அபாயமான வேலை செய்வோரைச் சீட்டெடுத்தாற்போல் எந்த நேரமும் ஊதச் செய்யலாம் என்று தானாக விதி செய்தது. தொழிற்சங்கம் எதிர்த்தது. ஆலை அபாயமான இடம் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் 15 ஆண்டுகளில் மதுவோடு தொடர்புள்ள நிகழ்ச்சிகள் எட்டு மட்டுமே பதிவாகியிருந்தன. அத்தகைய ஆலையில், சந்தேகத்துக்கு இடமில்லாத மனிதரையும் சோதிக்கப் போதிய காரணம் காட்டப்படவில்லை என்று அவ்விதியைப் புறந்தள்ளியது. விபத்துக்குப் பின்னும், நியாயமான சந்தேகத்தின் பேரிலும் சோதிப்பது வேறு. எல்லோரையும் எப்போதும் குற்றவாளியாக நோக்குவது வேறு.

நம் பக்கத்துக் குற்றம்

முதலாளிகளை மட்டும் குறைகூறிவிட்டு இறங்கிப்போனால் நாம் நேர்மையற்றவர்களாவோம். வெறியோடு பாரந்தூக்கியில் ஏறுபவன் முதலில் கொல்வது முதலாளியையல்ல. கீழே நிற்கும் தோழனைத்தான். அப்படிப்பட்டவனைச் சங்கத்தின் ஆள் என்பதற்காக நாம் மூடி மறைத்த நாட்கள் உண்டு. அது தொழிலாளர் ஒற்றுமையாகாது. 2016 ஆகஸ்டில் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் நம் நாட்டு விமானசேவையின் விமானியொருவர் மதுச் சோதனையில் தவறியதால், கொழும்பு வரவிருந்த விமானம் பல மணி நேரம் தாமதித்தது. பயணிகள் எரிச்சலடைந்தனர், ஆனால் உயிரோடு வந்து சேர்ந்தனர். அந்தச் சோதனையை எவர் பழிப்பார்?

ஆனால் ஒரு கேள்வியை முதலாளிமார் தங்களிடமே கேட்கட்டும். சாரதி ஏன் "ஐஸ்" தேடுகிறான்? இரவிரவாக ஓட்டி, விடிந்ததும் மீண்டும் ஓட்டு என்றால், கண்ணைத் திறந்துவைக்க அவன் எதைத் தேடுவான்? ஒரு நாளைக்கு இவ்வளவு பணம் கொண்டுவா என்று பஸ்ஸைக் கொடுப்பவர், அந்தப் பணம் எப்படி வருகிறதென்று கேட்பதில்லை. ஓய்வு கொடுக்காத கை, சோதனைக் குழாயை நீட்டும் உரிமையைப் பாதி இழந்துவிடுகிறது.

எத்தகைய விதி வேண்டும்?

ஆகவே நாம் கோருவது இவை. சாரதி, பாரந்தூக்கி இயக்குபவர், உயரத்திலும் இயந்திரத்திலும் வேலை செய்பவர் ஆகியோருக்கே சோதனை இருக்கட்டும். கணக்கெழுதும் கிளாக்கருக்கு அது எதற்கு? விதி எழுத்திலே, தொழிலாளியின் மொழியிலே, முன்கூட்டியே அறிவிக்கப்படட்டும். சந்தேகத்தின் காரணத்தை இருவர் பார்த்து அந்த நேரமே எழுதிவைக்கட்டும். மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு ஒன்றைத் தொழிலாளிக்காகப் பாதுகாக்கட்டும். என்ன மருந்து எடுக்கிறாய் என்று முதலில் கேட்கட்டும். முடிவு வைத்தியரோடும் உரியவரோடும் நிற்கட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதென்று வகுத்திருக்கிறது. அபாயமான வேலையை மேற்பார்வை செய்யும் முகாமையாளரும் அதே கருவியில் ஊதட்டும்.

முதல் முறை அகப்பட்டவரை வேலையிலிருந்து விலக்கிவைத்துச் சிகிச்சைக்கு அனுப்பட்டும். உடனே வீட்டுக்கு அனுப்பவேண்டாம். மதுப் பிரச்சினையையும் போதைப் பிரச்சினையையும் உடல்நலப் பிரச்சினையாகக் கருதவேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996இலேயே வழிகாட்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விபத்து விசாரணை பரிசோதனைத் தாளோடு முடியக்கூடாது. பலகையையும் பார்க்கவேண்டும், தடுப்பையும் பார்க்கவேண்டும், எத்தனை மணி நேரம் வேலை வாங்கினார்கள் என்ற ஏட்டையும் பார்க்கவேண்டும்.

தோழர்களே, வேலையிழந்தவர் தொழில் நியாய சபைக்குச் செல்ல 6 மாதமே தவணை. அந்தச் சபை ஒப்பந்தத்தின் எழுத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பதில்லை. நீதியும் ஒப்புரவுமான கட்டளையை இடுவதே அதன் கடமை. ஆகையால் வாசிக்க முடியாத தாளில் ஒப்பமிடாதீர்கள். இட்டுவிட்டாலும் எல்லாம் முடிந்ததென்று மனமொடியாதீர்கள். விபத்து நடந்த இடத்தை அன்றே படம்பிடியுங்கள். கைத்தொலைபேசி எல்லோர் கையிலும் இருக்கிறதல்லவா? கண்டவர் கண்டதைச் சொல்லுங்கள். கொட்டாஞ்சேனையில் இருவர் கண்டனர், ஒருவரே சொன்னார். மற்றவரும் சொல்லியிருந்தால் அந்த மனிதரின் குடும்பத்துக்கு முழு நட்டஈட்டையும் கேட்டு நாம் நின்றிருப்போம்.

குடியாமல் வேலைக்கு வருவது நம் கடமை. உளுக்காத பலகையைப் போடுவது முதலாளியின் கடமை. நம் கடமையில் நாம் தவறியதைக் காட்டி அவர் தம் கடமையிலிருந்து தப்ப விடமாட்டோம்.